உப்புக்காற்றும் யுகுலேலேயும்: எந்த ஸ்ட்ரிங் வாங்கலாம்?

இந்த முறை வந்த கேள்விகளில், கிட்டார் மாதிரி நாலு ஸ்ட்ரிங் உள்ள சின்ன வாத்தியமான யுகுலேலேயின் ஸ்ட்ரிங் பற்றியவை மட்டும் ஐந்து. ஐந்துமே ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து வந்தவை என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

தங்கச்சிமடம் வாசகி ஒருவர்: எட்டாம் வகுப்பு படிக்கும் மகளின் யுகுலேலே சத்தம் மந்தமாகிவிட்டது. சுருதியும் நிற்பதில்லை. ஸ்ட்ரிங் மாற்றச் சொல்கிறார் டீச்சர். ஆன்லைனில் தேடினால் நைலான், கார்பன், நைல்கட், டைட்டானியம் என்று ஏதேதோ வருகிறது. எதை வாங்குவது?

முதலில் ஒரு அளவு நாடாவை எடுங்கள். கழுத்தின் மேல் முனையில் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் வெள்ளைத் துண்டுதான் நட். அங்கிருந்து கீழே ஸ்ட்ரிங்குகளைக் கட்டியிருக்கும் ப்ரிட்ஜில் உள்ள வெள்ளைத் துண்டு வரை அளந்து பாருங்கள். 13, 14 அங்குலம் வந்தால் அது சோப்ரானோ என்ற சின்ன அளவு. 15 என்றால் கான்சர்ட், 17 என்றால் டெனார், 19-க்கு மேல் போனால் பாரிடோன். இது தெரியாமல் பாக்கெட்டைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒரே சுருதிக்கு நீளம் மாறினால் தடிமனும் மாற வேண்டும். பல கார்பன் செட்டுகள் சோப்ரானோவுக்கும் கான்சர்ட்டுக்கும் பொதுவாகவே வரும், அதில் குழப்பம் இல்லை.

அப்புறம், பழைய ஸ்ட்ரிங் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்று பாருங்கள். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைதான் ஃப்ரெட். அதற்கு நேராக ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்தை நகத்தால் வருடினால் பள்ளம் தட்டுப்படும். முதல் மூன்று ஃப்ரெட்டுகளில்தான் இது அதிகம் இருக்கும். இன்னொரு சோதனை: ஸ்ட்ரிங்கைச் சும்மா மீட்டுங்கள், பிறகு பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்க வேண்டும். முன்பு சரியாக இருந்து இப்போது கூடக்குறைய விலகினால் ஸ்ட்ரிங்கின் ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டும் சரியாக இருந்தும் சுருதி இறங்குகிறதா? அப்போது பழுது ஸ்ட்ரிங்கை முறுக்கும் ட்யூனிங் கீயில் இருக்கலாம். கீயின் திருகாணியை ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் இறுக்கிப் பார்த்துவிட்டு, பிறகு காசு செலவழியுங்கள்.

இனி எந்த ஸ்ட்ரிங் என்ற விஷயத்துக்கு வருகிறேன். நைலான் ஈரத்தை உறிஞ்சும். உங்கள் ஊரில் பகலில் வெயில், மாலையில் ஈரமான கடல்காற்று. நைலான் அதற்குத் தகுந்தபடி இளகும், இறுகும். காலையில் சேர்த்த சுருதி சாயங்காலம் இருக்காது. கார்பன் என்று விற்பது ஃப்ளூரோகார்பன் என்ற பிளாஸ்டிக் இழை, அதில் கார்பன் ஃபைபர் எதுவும் கிடையாது. இது தண்ணீரை அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. கடற்கரையில் இருப்பவர்களுக்கு இதையே நான் சிபாரிசு செய்வேன். விலை சாதாரண நைலானைவிட அதிகம்தான். ஆனால் பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளை நாளுக்கு நாலு தடவை சுருதி சேர்த்துக்கொண்டே உட்கார்ந்தால் வாசிப்பது எப்போது?

நைல்கட் என்பது இத்தாலியின் அக்விலா கம்பெனி, அந்தக் கால ஆட்டுக்குடல் ஸ்ட்ரிங்குக்கு மாற்றாகக் கொண்டுவந்த செயற்கை இழை. வெள்ளையாக இருக்கும், லேசாகச் சொரசொரக்கும், சத்தம் எடுப்பாக இருக்கும். நைலானைவிட ஈரத்தைத் தாங்கும். கார்பன் கிடைக்காவிட்டால் இதை வாங்கலாம். டைட்டானியம் என்ற பெயரைப் பார்த்து உலோகம் என்று நினைக்க வேண்டாம், அதுவும் பிளாஸ்டிக் இழைதான். கிட்டாருக்குப் போடும் ஸ்டீல் கம்பியை மட்டும் யார் சொன்னாலும் போடாதீர்கள். அந்த இழுப்புக்குச் செய்த வாத்தியம் இல்லை இது, ப்ரிட்ஜே பெயர்ந்து வந்துவிடும்.

பாம்பன் வாசகர் ஒருவர்: அப்பா தூண்டிலுக்குப் போகிறவர். வீட்டில் தங்கூசி என்ற மீன்பிடி இழை ரீல் ரீலாக இருக்கிறது. பார்த்தால் யுகுலேலே ஸ்ட்ரிங் மாதிரியேதான் இருக்கிறது. அதையே போட்டால் என்ன? கடைக்காரர் ஏமாற்றி விற்கிறாரா?

தம்பி, நல்ல கேள்வி. யாரும் உங்களை ஏமாற்றவில்லை, உங்கள் கண்ணும் பொய் சொல்லவில்லை. ஃப்ளூரோகார்பனை மீன்பிடி இழையாக முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் குரேஹா கம்பெனி, 1971-ல். வாத்தியத்துக்கு அது பிறகுதான் வந்தது. வெளிநாடுகளில் மீன்பிடி இழையை வாங்கி யுகுலேலேக்குப் போட்டு வாசிக்கிறவர்கள் ஏராளம். ஆகவே போடலாம். ஆனால் எந்த ரீல், எந்தத் தடிமன் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

வலைக்குப் போடும் மெல்லிய தங்கூசி உதவாது. சோப்ரானோவில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் ஏறக்குறைய 3 கிலோ இழுப்பில் நின்றால்தான் விரலுக்கு இதமாக இருக்கும், சத்தமும் திறக்கும். நாலு ஸ்ட்ரிங்கையும் அவை சேரும் ஸ்வரத்தை வைத்து ஜி, சி, ஈ, ஏ என்று அழைப்பார்கள். 0.4 மி.மீ. நைலானை சி ஸ்ட்ரிங்காகக் கட்டினால் அந்த ஸ்வரத்தில் அரைக் கிலோ இழுப்புகூடத் தேறாது, தொளதொளவென்று ஃப்ரெட்டில் அடிக்கும். சரியான ஸ்வரம் வந்த பிறகும் தொளதொளத்தால் இழை மெல்லியது என்று அர்த்தம். இன்னும் முறுக்கினால் ஸ்வரம்தான் ஏறும்.

சோப்ரானோவுக்குச் சாதாரண ஜி-சி-ஈ-ஏ சுருதியில் எனக்குச் சரியாகப்படும் அளவுகள் இவை. நைலான் தங்கூசி என்றால் ஏ-க்கு 0.6 மி.மீ., ஈ-க்கு 0.8, சி-க்கு 1.0, ஜி-க்கு 0.7. ஃப்ளூரோகார்பன் என்றால் ஏ-க்கு 0.52, ஈ-க்கு 0.66, சி-க்கு 0.81, ஜி-க்கு 0.57. இரண்டு வரிசைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஃப்ளூரோகார்பனின் அடர்த்தி தண்ணீரைப் போல 1.78 மடங்கு, நைலானுக்கு 1.14 மடங்குதான். கனமான இழை மெல்லியதாக இருந்தாலே போதும். இதே காரணத்தால்தான் அதே யுகுலேலேயில் கார்பன் மாட்டினதும் சத்தம் தெளிவாகிறது.

ரீலின் லேபிள் கிழிந்திருந்தால் எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி: சின்னத் துண்டாக வெட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் விரலால் அமுக்கி விடுங்கள். ஃப்ளூரோகார்பன் விறுவிறுவென்று அடிக்குப் போகும். நைலான் நிதானமாக இறங்கும். மேலேயே மிதந்தால் அது பாலிஎத்திலீன், அந்த ரீலை அப்பாவிடமே கொடுத்துவிடுங்கள். பின்னிய இழையும் ஆகாது.

லேபிளில் 0.80 என்று போட்டிருந்தாலும் காலிப்பர் கொண்டு அளந்து பார்ப்பது நல்லது. லேத் பட்டறையில் கேட்டால் தருவார்கள். ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஒரு முழ நீளத்தில் நாலைந்து இடத்தில் வைத்துப் பாருங்கள். மீன் பிடிக்க இழை அறுந்துபோகாமல் இருந்தால் போதும். வாத்தியத்துக்கு நுனி முதல் நுனி வரை ஒரே தடிமன் வேண்டும். 0.80 ஒரு இடத்தில் 0.84 ஆக இருந்தால், சும்மா மீட்டும்போது சுருதி சேரும், ஐந்தாம் ஃப்ரெட்டில் பிடித்தால் அபஸ்வரம் பேசும். பாக்கெட்டில் வரும் ஸ்ட்ரிங்குக்கு நாம் கூடுதல் காசு கொடுப்பது இந்தச் சமச்சீருக்காகத்தான். அப்பா கடலுக்கு எடுத்துப்போன இழையைத் திருப்பி எடுக்காதீர்கள், கடலடிப் பாறையிலும் படகு விளிம்பிலும் உரசிச் சிராய்த்திருக்கும். புது ரீலின் நடுப்பகுதியிலிருந்து வெட்டுங்கள்.

கட்டும் முறையை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வழவழப்பான இழை நழுவாமல் முடிச்சுப் போட உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ப்ரிட்ஜில் வெட்டு மட்டும் இருந்தால் எட்டு முடிச்சு, துளை இருந்தால் சுற்றிக் கட்டு. மெல்லிய ஏ ஸ்ட்ரிங்குக்கு ஒரு சுற்று கூடுதலாகப் போடுங்கள், அதுதான் முதலில் உருவும். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

ரீல் வீட்டில் இருந்தால் தாராளமாகச் செய்து பாருங்கள். ஆனால் இதற்கென்று நாலு தடிமனில் நாலு ரீல் புதிதாக வாங்கப் போவதாக இருந்தால் வேண்டாம், ஒரு கார்பன் செட் அதைவிட மலிவாக முடியும். இடையில் ஒரு வழியும் இருக்கிறது. கிளாசிக்கல் கிட்டாரின் நைலான் செட்டில் உள்ள மூன்று மெல்லிய ஸ்ட்ரிங்குகள் பொதுவாக 0.7, 0.8, 1.0 மி.மீ. அளவில் வரும். அவை முறையே ஜி, ஈ, சி இடத்துக்குப் பொருந்தும். ஏ-க்கு மட்டும் தங்கூசி போட்டால் போதும்.

கீழக்கரை வாசகர் ஒருவர்: டெனார் யுகுலேலேயில் லோ ஜி-க்காக, அதாவது ஜி-யை ஒரு ஸ்தாயி கீழே சேர்க்க, கம்பி சுற்றிய ஸ்ட்ரிங் போட்டேன். ஆறே மாதத்தில் கறுத்து, சில இடத்தில் பச்சை பூத்துவிட்டது. மட்டமான சரக்கா?

சரக்கு நல்லதாகவே இருக்கலாம். சுற்றுக்கம்பி பெரும்பாலும் வெள்ளி முலாம் பூசிய செம்பு. வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் முலாம் தேய்ந்த இடத்தில் செம்பு பச்சை பிடிக்கத்தான் செய்யும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் காலமெல்லாம் துருவோடு மல்லுக்கட்டிய கடற்கரை இது. மயிரிழைக் கம்பி எம்மாத்திரம்?

கம்பி சுற்றாத ஃப்ளூரோகார்பன் லோ ஜி வாங்குங்கள். சுமார் 0.9 மி.மீ. தடிமனில் வரும். டெனாரின் 17 அங்குலத்துக்கு நன்றாகவே பொருந்தும். மற்ற மூன்றோடு சத்தமும் ஒட்டிப்போகும், விரல் நகர்த்தும்போது கிறீச்சென்ற ஒலியும் போகும். கான்சர்ட்டில் சுமாராக இருக்கும். சோப்ரானோவில் தொய்ந்துவிடும், அங்கே வழக்கமான உயர் ஜி-யே நல்லது. பாரிடோன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தப்பிக்க வழி குறைவு, அதன் டி-ஜி-பி-ஈ சுருதியில் கீழ் இரண்டும் பெரும்பாலும் சுற்றிய ஸ்ட்ரிங்தான். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து உறையில் வையுங்கள். ஜன்னலோரச் சுவரில் மாட்டி வைக்காதீர்கள். ட்யூனிங் கீயின் பற்களும் ஃப்ரெட்டுகளும்கூட உலோகம்தானே.

மண்டபம் வாசகி ஒருவர்: புது ஸ்ட்ரிங் போட்டு இரண்டு நாளாகிறது. அரை மணி நேரத்தில் சுருதி இறங்கிவிடுகிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.

இதில் நான் கடைக்காரர் பக்கம். எந்தப் பிளாஸ்டிக் ஸ்ட்ரிங்கும் முதல் சில நாட்களுக்கு இழுபடும். பத்து நாள் வரைகூட ஆகலாம், நைலானுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே. பன்னிரண்டாம் ஃப்ரெட் பக்கம் இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் தூக்கி விடுங்கள், மறுபடி சுருதி சேருங்கள். ஒரு நாளில் பலமுறை இதைச் செய்தால் சீக்கிரம் அடங்கும். ப்ரிட்ஜ் முடிச்சின் வால் குட்டையாகிக்கொண்டே வந்தால் அங்கே உருவுகிறது என்று அர்த்தம், அவிழ்த்துக் கட்டுங்கள்.

உறையைப் பிரிக்கும்போதே அறுந்திருந்தது, நான்கில் ஒன்று குறைந்தது, லேபிளில் ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக இருந்தது என்றால் அது வேறு கதை. அப்போது திருப்பி எடுக்கச் சொல்லி நீங்கள் பிடிவாதமாகவே கேட்கலாம்.

தொண்டி வாசகர் ஒருவர்: டெனார் செட் ஆர்டர் செய்தேன், சோப்ரானோ செட் வந்தது. ஆன்லைனில் விற்றவர் பதிலே போடவில்லை.

மாட்டிப் பார்க்காதீர்கள். நீளம் போதாமல் போகலாம், வெட்டிவிட்டால் திருப்பவும் முடியாது. ஆர்டர் பக்கம், பில், வந்த பாக்கெட்டின் இரண்டு பக்கம் எல்லாவற்றையும் படம் பிடித்து, அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பாக்கெட்டில் அதிகபட்ச விலை, இறக்குமதி செய்தவரின் பெயர் முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதெல்லாம் அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் அதையும் புகாரில் சேருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சில நூறு ரூபாய் விஷயத்துக்குப் பெரும்பாலும் அங்கேயே வழி பிறக்கும். பிறக்காவிட்டால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட 2019-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.