ஆங்கிள் கார்ட் இருக்கட்டும், நாலு எட்டு நடக்க முடிகிறதா?

கொழும்பில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் தன் 14 வயதுத் தங்கச்சிக்காக எழுதியிருக்கிறார். பாடசாலை பாஸ்கட்போல் அணியில் ஆடும் பிள்ளை. ஆறு நாளைக்கு முன்னால் பந்துக்கு எழும்பி இறங்கும்போது இன்னொரு பிள்ளையின் பாதத்தில் மிதித்து, கணுக்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. எந்த ஆங்கிள் கார்ட் (கணுக்காலில் மாட்டும் காப்புறை) நல்லது, உயரச் சப்பாத்து வாங்கலாமா, கார்ட் போட்டால் கால் பலவீனமாகிவிடுமா, விரல் வரை நீலம் பாய்ந்திருக்கிறதே, இரண்டு கிழமையில் வரும் போட்டிக்கு இறங்கலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

பதில்:

தம்பி, நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு வரிதான் உங்கள் கடிதத்தில் முக்கியமானது. "அன்றைக்குத் தோள் கொடுத்துத்தான் கூட்டிக்கொண்டு வந்தார்களாம், இன்றைக்கும் சுவரைப் பிடித்து நுனிக்காலில்தான் நடக்கிறாள்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே கார்ட் விலைக்குப் போய்விட்டீர்கள். கார்டை ஓரமாக வையுங்கள். அந்தக் காலுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், நாளைக்கே.

கனடாவில் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-இல், மடங்கிய காலுக்கு எக்ஸ்ரே வேண்டுமா என்று தீர்மானிக்க ஒரு எளிய விதி கொண்டுவந்தார்கள், இன்றைக்கு உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அதைத்தான் பார்க்கிறோம். கால் மடங்கிய உடனேயும், பிறகு மருத்துவர் பார்க்கும்போதும் நாலு எட்டு வைக்க முடிகிறதா, அதாவது ஒவ்வொரு காலிலும் இரண்டு தரம் உடல் பாரத்தை இறக்க முடிகிறதா? நொண்டினாலும் பரவாயில்லை. அடுத்தது, எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் மொளியின் பின்விளிம்பில், கீழ்நுனியிலிருந்து 6 சென்டிமீட்டர் மேலே வரைக்கும் ஒற்றை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அதோடு பாதத்தின் வெளியோரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும், அதையும், உள்பக்கம் பாதத்தின் வளைவுக்கு மேலே இருக்கும் எலும்பையும் அழுத்திப் பார்க்க வேண்டும். சாதாரண சுளுக்கு பெரும்பாலும் வெளிமொளிக்கு முன்னாலும் கீழேயும் இருக்கும் மெதுவான சதையில்தான் வலிக்கும். எலும்பின் மேலேயே "ஆ" என்று காலை இழுத்துக்கொண்டாலோ, நாலு எட்டு வைக்க முடியாவிட்டாலோ கதை வேறு, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உங்கள் தங்கச்சிக்கு வீட்டில் இந்தச் சோதனையெல்லாம் செய்து பார்க்கக்கூடத் தேவையில்லை, நடக்கும் விஷயத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது.

வயது 14 என்பது இன்னொரு காரணம். வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்துப் பகுதி இருக்கிறது. அந்த வயதில் அது, எலும்புகளைப் பிணைக்கும் பக்கத்துத் தசைநாரைவிட (லிகமென்ட்) பலம் குறைந்தது, அதனால் பெரியவர்களுக்கு நார் கிழியும் இடத்தில் பிள்ளைகளுக்கு இந்தத் தட்டு அடிபடலாம். பயப்படாதீர்கள், வெளிமொளியில் வரும் இந்தக் காயம் அனேகமாக நன்றாகவே ஆறிவிடும், ஆனால் என்ன காயம் என்று தெரிந்து, அதற்குத் தக்கபடி காலுக்கு ஓய்வு கொடுத்தால்தான். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் எந்த இடத்தில் வலிக்கிறது என்பதைப் பிள்ளையே மருத்துவரிடம் விரல் வைத்துக் காட்டட்டும், படத்தில் தெரியாத தட்டுக் காயமும் உண்டு. தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் வாங்கிக்கொண்டு திரும்பாமல் நேராக டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலை, காசு வேண்டாம். லயத்திலிருந்து ரோட்டு வரைக்கும் படியில் நடக்க விடாதீர்கள், யாராவது தூக்கிக்கொண்டு போகட்டும். விரல்கள் மரத்துப்போனால், குளிர்ந்து வெளுத்தால், நாளை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அப்போதே கிளம்ப வேண்டும்.

அப்புறம் இந்த எண்ணெய் விஷயம். பக்கத்து வீட்டு மாமி இரண்டு நாள் சூடாக எண்ணெய் பூசி உருவிவிட்டார் என்கிறீர்கள். அவர் அன்பில் செய்ததுதான், சரி, ஆனால் புதுக் காயத்தைச் சூடாக்கி உருவினால் வீக்கம்தான் கூடும், உள்ளே எலும்பு வெடித்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எக்ஸ்ரே பார்க்கும்வரை அந்தக் காலை யாரும் உருவக் கூடாது. நீங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய டைக்ளோபெனாக் மாத்திரையையும் நிறுத்துங்கள். 14 வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒரு மருத்துவரையும் கேட்கவில்லை, அதைப் போட்டு வலியை அமத்திவிட்டுப் பயிற்சிக்குப் போகலாம் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். வலியை அமத்தினால் காயம் ஆறிவிட்டது என்று அர்த்தமா? நாளைக்குக் காய்ச்சல் வந்து அது டெங்குவாக இருந்தால், இந்த வகை மாத்திரை இரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம்.

மற்றதெல்லாம் சில்லறை. நீலம் விரல் வரை இறங்கியிருப்பது உள்ளே கசிந்த இரத்தம் கீழ்நோக்கி வடிவதால், தானாகவே மஞ்சளாகி மறையும். காலைத் திருப்பும்போது வலியில்லாமல் "டிக்" என்று சத்தம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். லிகமென்ட் அறுந்தால் ஆபரேஷன்தான், 30 வயதில் மூட்டு தேய்ந்துவிடும் என்று யூடியூபில் சொன்னவரை மறந்துவிடுங்கள், முழுதாகக் கிழிந்த வெளிப்பக்கத் தசைநார்கூடப் பெரும்பாலானவர்களுக்குக் கத்தி படாமலே சேருகிறது.

இனி கார்ட். எலும்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்து, வலி அடங்கி, திரும்ப ஆடத் தொடங்கும்போதுதான் அது. நீங்கள் படம் அனுப்பிய, சொக்ஸ் மாதிரி இழுத்துப் போடும் எலாஸ்டிக் துணி சூடாக இருக்கும், தைரியம் கொடுக்கும், கால் மடங்குவதைத் தடுக்காது. கயிறு கட்டி இறுக்கும் வகையைப் பாருங்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பாடசாலை பாஸ்கட்போல் ஆடிய 1,460 பிள்ளைகளை வைத்து நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், இந்த வகை கார்ட் அணிந்தவர்களுக்குக் கணுக்கால் காயம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் காயம் பட்டுவிட்டால் அதன் கடுமை குறையவில்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். கால் பலவீனமாகும் என்பது வெறும் பேச்சு. சொக்ஸ் போட்டு அதன் மேல் அளவு பார்த்து வாங்குங்கள், பயிற்சிக்கும் போட்டிக்கும் குறைந்தது ஆறு மாதம் போடட்டும். டேப் சுற்றினால் அரை மணி ஓடுவதற்குள் தளர்ந்துவிடும். உயரச் சப்பாத்தால் சுளுக்கு குறையும் என்பதற்கு நல்ல சான்று இல்லை, அந்தக் காசுக்கு அடி தேயாத சப்பாத்து வாங்குங்கள். மழைக்காலத்தில் பாசி பிடித்த சீமெந்துக் கோர்ட்டில் ஆடுகிற பிள்ளைக்கு அதுதான் தேவை.

கார்டைவிட முக்கியமானது ஒன்று உண்டு, காசும் செலவில்லை. ஒரு தரம் மடங்கிய கால் மறுபடி மடங்கத்தான் அதிகம் வாய்ப்பு, ஏனென்றால் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று உணரும் திறனும் நாரோடு சேர்ந்து அடிபடுகிறது. மருத்துவர் பாரம் வைக்கலாம் என்று சொன்ன பிறகு, காலையில் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்கட்டும். அது சுலபமானதும் கண்ணை மூடிக்கொண்டு, அப்புறம் யாராவது பந்து எறிய அதைப் பிடித்துக்கொண்டு. இதைச் சில கிழமை விடாமல் செய்ய வேண்டும், வலி போனதும் நிறுத்திவிடுவதுதான் நம் பிள்ளைகளின் வழக்கம். லயத்துப் படிகளில் நொண்டாமல் இறங்கி, அடிபட்ட காலால் மட்டும் துள்ளி, ஓடிப்போய்ச் சட்டென்று திரும்ப முடிந்த பிறகுதான் கோர்ட்.

ஆக, இந்தப் போட்டி இல்லை. கடைசி வரியில் எழுதியிருந்தீர்களே, இதில் ஆடாவிட்டால் பொம்பிளைப் பிள்ளைக்குப் பந்து எதற்கு என்று அம்மா அடியோடு நிறுத்திவிடுவார் என்று, உங்களுக்கு உண்மையான பயம் அதுதான் போலிருக்கிறது. வைத்தியசாலைக்கு அம்மாவையும் கூடப் போகச் சொல்லுங்கள். இது எவ்வளவு நாளில் ஆறும், எப்போது திரும்ப ஆடலாம் என்பதை மருத்துவர் வாயாலேயே அவர் கேட்கட்டும், அதை ஒரு துண்டில் எழுதி வாங்கி பி.டி. சேரிடமும் கொடுங்கள்.