தோழர் ஓகில்வி பிறந்த மேசை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலைப் போன வாரம் வாசித்து முடித்தேன். மூடி வைத்ததும் முதல் வேலையாகக் கைபேசியைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டேன். எந்நேரமும் நம்மைப் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கும் அந்தத் தொலைத்திரையை 1949லேயே ஒருவர் எழுதிவிட்டார் என்பதை நம்பவே முடியவில்லை.

ஆனால் நாயகன் வின்ஸ்டன் விஷயத்தில் எனக்கு ஏமாற்றம்தான். ஒரு நாட்குறிப்பு, ஒரு காதல், பிறகு சித்திரவதை, சரணாகதி. ஓர் அப்பாவியை இப்படி நசுக்கிக் காட்டுவதில் என்ன இருக்கிறது? அப்புறம், தொலைத்திரையை விட்டால் அறிவியல் என்று எதுவுமே இல்லாத இந்த நாவலை எப்படி அறிவியல் புனைவில் சேர்க்கிறார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வின்ஸ்டனின் காதலி ஜூலியா என்ன வேலை பார்க்கிறாள் என்பதைக் கவனிக்காமல் கடந்துவிட்டீர்கள். புனைவுத் துறையில், நாவல் எழுதும் யந்திரம் ஒன்றைப் பராமரிப்பது அவள் வேலை. கையில் ஸ்பேனரோடுதான் நமக்கு அறிமுகமாகிறாள். மனிதக் கை படாமல் பாட்டுக் கட்டும் கருவியும் நாவலில் உண்டு. இந்த ஆண்டில் உட்கார்ந்துகொண்டு இதில் அறிவியல் போதாது என்கிறீர்கள்!

தொலைத்திரையையும் கைபேசியையும் ஒப்பிட்டுப் பலரும் எழுதியாகிவிட்டது. நான் சேர்க்க ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தில் நான் இடறியது 'அப்பாவி' என்ற சொல்லில்.

முதல் பகுதியின் நான்காம் அத்தியாயத்துக்குப் போங்கள். பழைய பதிவுகளை ஆளும் கட்சிக்கேற்பத் திருத்தி எழுதும் உண்மை அமைச்சகத்தில் வின்ஸ்டன் தன் மேசையில் இருக்கிறான். கட்சித் தலைமை முன்பு பாராட்டிய விதர்ஸ் என்பவர் இப்போது 'இல்லாத ஆள்', அதாவது வாழ்ந்த தடயமே அழிக்கப்பட வேண்டியவர், ஆகிவிட்டார். பழைய செய்தித்தாளில் அந்தப் பாராட்டு இருந்த இடத்தை வேறு எதையாவது இட்டு நிரப்ப வேண்டும். வின்ஸ்டன் யோசிக்கிறான். சட்டென்று ஓர் ஆள் உதிக்கிறான், தோழர் ஓகில்வி. மூன்று வயதில் மத்தளம், துப்பாக்கி, ஹெலிகாப்டர் பொம்மை தவிர எதையும் தொடாத குழந்தை. பதினோரு வயதில் சொந்த மாமாவைக் காட்டிக்கொடுத்தவன். இருபத்து மூன்றில், ரகசிய ஆவணங்கள் எதிரி கையில் சிக்காமலிருக்க ஹெலிகாப்டரிலிருந்து கடலில் குதித்துச் செத்தவன். எல்லாம் ஒரு காலைப்பொழுதில் தயார்.

ஓகில்விக்குப் பதக்கம் கொடுக்கலாமா என்றுகூட வின்ஸ்டன் யோசிக்கிறான். வேண்டாம், கொடுத்தால் வேறு பல பதிவுகளையும் அதற்கேற்பத் திருத்த வேண்டிவரும் என்று விட்டுவிடுகிறான். இந்த இடத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் இது என் தொழில். ஒரு பாத்திரத்துக்கு எந்த வயதில் என்ன நடந்தது, எதைச் சொன்னால் நம்புவார்கள், எந்தத் தகவல் பின்னால் இடிக்கும் என்று நானும் இப்படித்தான் மேசையில் கணக்குப் போடுகிறேன். வின்ஸ்டனுடைய வாழ்க்கையின் பெரிய சந்தோஷம் அவன் வேலைதான் என்று ஆர்வெல் நேரடியாகவே எழுதியிருக்கிறார். ஜூலியா வருவதற்கு முன்பு அவனுக்கு இருந்த ஒரே சந்தோஷம் என்றும் சொல்லலாம். நாற்பதை நெருங்கும் நல்ல கைத்திறன்காரன், கொடுத்த வேலையை ரசித்துச் செய்கிறான். அந்தத் திறமையால் விதர்ஸ் வாழ்ந்ததற்கான தடயமே இல்லாமல் போகிறது.

துரோகிகள் என்று கொல்லப்பட்ட மூன்று பேரின் வாக்குமூலம் பொய் என்று காட்டும் புகைப்படம் ஒருமுறை அவன் கைக்கு வருகிறது. அதை எரியும் குழிக்குள் போடுவதும் அவனேதான். பயத்தில் போடுகிறான், புரிகிறது. ஆனால் பின்னால் சிறையில் அவனை வதைக்கும் கட்சி அதிகாரி ஓ'பிரையன், கடந்தகாலம் எங்கே இருக்கிறது என்று கேட்கும்போது வின்ஸ்டன் தரும் பதிலைப் பாருங்கள்: பதிவுகளில், மனிதர்களின் நினைவில். பதிவுகள் யார் கையில், நினைவுகள் யார் கையில் என்று ஓ'பிரையன் மடக்கிவிடுகிறான். வின்ஸ்டன் என்ன வாதிட முடியும்? பதிவுகளைப் பொறுத்தவரை அந்தத் தத்துவத்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டு தினமும் செயல்படுத்தியவன் அவன். வலி கொடுக்கும் கருவியெல்லாம் அப்புறம்தான்.

ஆர்வெலுக்கு இந்த மேசை கேள்வி ஞானம் அல்ல. 1941 முதல் 1943 வரை பிபிசியில் இந்தியாவுக்கான ஒலிபரப்புகளைத் தயாரித்தவர் அவர். போர்க்காலத் தணிக்கைக்கு உட்பட்ட வேலை. மனைவி ஐலீனும் அந்தப் போர்க்காலத்தில் தணிக்கைத் துறையில் சில காலம் வேலை பார்த்தவர்.

ஆர்வெல் 1950 ஜனவரியில் இறந்துவிட்டார். இல்லாவிட்டால் அடுத்து நடந்ததை ரசித்திருப்பார். 1953ல் சோவியத் உளவுத்துறையின் பழைய தலைவர் பெரியா கைதாகிச் சுட்டுக்கொல்லப்பட்டார். அதன்பின் 'பெரிய சோவியத் கலைக்களஞ்சியம்' வாங்கியிருந்த சந்தாதாரர்களுக்குத் தபாலில் புதிய பக்கங்கள் வந்தன. பெரியா பற்றிய கட்டுரை இருந்த பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ பிளேடாலோ வெட்டி எடுத்துவிட்டு இவற்றை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று குறிப்பு. புதிய பக்கங்களில் பேரிங் கடல் பற்றிப் படங்களோடு விரிவான தகவல்கள் இருந்தன.

அந்தத் தபாலைப் பிரித்த சந்தாதாரர் ஒருவரை நான் பலமுறை கற்பனை செய்திருக்கிறேன். இரவுச் சாப்பாடு முடிந்து, விளக்கடியில் உட்கார்ந்து, பக்கம் கிழியாமல், ஓரம் பிசிறில்லாமல், கவனமாக வெட்டுகிறார். பசை காய்வதற்காகப் புத்தகத்தைத் திறந்தே வைக்கிறார்.

நான்காம் அத்தியாயம் சில பக்கங்கள்தான். அதை மட்டும் இன்னொரு முறை வாசித்துவிட்டு எழுதுங்கள்.