மூடியது ஒரே ராத்திரியில், திறக்க 46 வருஷம்

கேள்வி: என் மகள் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் படிக்கிறாள். போன மாதம் ட்வீட்பேங்க் என்ற ஊருக்கு ரயிலில் போய்வந்தாளாம். அந்தப் பாதையை ஒரு காலத்தில் மூடிவிட்டு, பல வருஷம் கழித்துத் திறந்தார்கள் என்கிறாள். ஓடிக்கொண்டிருந்த ரயிலை எதற்காக நிறுத்தினார்கள்?

பதில்: நஷ்டம் என்றார்கள். உங்கள் மகள் பார்த்தது பழைய பாதையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான். எடின்பரோவில் கிளம்பி கலஷீல்ஸ், மெல்ரோஸ், ஹாயிக் என்று மலைகளுக்கு நடுவே நுழைந்து, இங்கிலாந்து எல்லைக்குள் கார்லைல் வரை 98 மைல் போன பாதை அது. நார்த் பிரிட்டிஷ் ரயில்வே கம்பெனி போட்டது. 1849இல் ஹாயிக் வரை வந்தது, கார்லைலைத் தொட 1862 ஆகிவிட்டது. வால்டர் ஸ்காட் எழுதிய வேவர்லி நாவல்களின் பெயரையே பாதைக்கும் வைத்தார்கள். அவர் வாழ்ந்த அபட்ஸ்ஃபோர்ட் மாளிகை பாதைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

எஞ்சின் ஓட்டுபவர்களைப் பாடாய்ப் படுத்திய பாதை. ஃபாலாஹில், விட்ரோப் என்று இரண்டு பெரிய ஏற்றங்கள். விட்ரோப் உச்சி ஆயிரம் அடிக்கு மேல். இவ்வளவு சிரமப்பட்டு அது சுமந்தது ஹாயிக், கலஷீல்ஸ் கம்பளி ஆலைச் சரக்கு, ஆடுகள், எடின்பரோவை ஒட்டிய மிட்லோதியன் பகுதி நிலக்கரி, பிறகு பயணிகள். வழியில் ரிக்கார்ட்டன் ஜங்ஷன் என்று ரயில்வே ஊழியர்களுக்காகவே உருவான ஒரு கிராமம் இருந்தது. பள்ளிக்கூடம் உண்டு, பிளாட்பாரத்திலேயே மளிகைக் கடை உண்டு, ஆனால் ஊருக்குள் வர சாலை கிடையாது. 1960கள் வரைக்கும் அங்கே எது வேண்டுமானாலும் ரயிலில்தான் வரவேண்டும்.

1963இல் பீச்சிங் அறிக்கை வந்தது. நாடு முழுக்க நஷ்டத்தில் ஓடும் பாதைகளை வெட்டச் சொன்ன அறிக்கை. அந்தப் பட்டியலில் வேவர்லியும் இருந்தது. கணக்கு பார்த்தவர்கள் டிக்கெட் வருமானத்தைப் பார்த்தார்கள். ரயில் போய்விட்டால் அந்த ஊர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான்.

கேள்வி: அந்த ஊர்க்காரர்கள் சும்மாவா இருந்தார்கள்?

பதில்: இல்லவே இல்லை. ஹாயிக்கில் மேட்ஜ் எலியட் என்ற குடும்பத் தலைவி வீடு வீடாக ஏறி இறங்கினார். 11,678 கையெழுத்து சேர்ந்தது. 1968 டிசம்பரில் அதை லண்டனுக்கே எடுத்துப்போய், டவுனிங் தெருவில் பிரதமர் அலுவலகத்தில் கொடுத்தார். பலன் இல்லை.

1969 ஜனவரி 5, ஞாயிறு இரவு. எடின்பரோவிலிருந்து லண்டன் செல்லும் தூங்கும் வசதி ரயில்தான் கடைசி வண்டி. ஹாயிக் நிலையத்தில் கூட்டம் கூடி, ஒரு சவப்பெட்டியை ரயிலில் ஏற்றியது. 1849இல் பிறந்து 1969இல் கொல்லப்பட்டது என்று பாதையின் பெயரை அதில் எழுதி, போக்குவரத்து அமைச்சர் ரிச்சர்ட் மார்ஷுக்கு என்று விலாசமும் போட்டிருந்தார்கள்.

அப்புறம் வண்டி நியூகாசில்டனுக்கு வந்தது. எல்லையோரச் சிறு கிராமம். நடுராத்திரி தாண்டியும் ஜனங்கள் லெவல் கிராசிங் கேட்டை மூடிவிட்டு, தண்டவாளத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவர் ஊர் தேவாலயப் பாதிரியார். போலீஸ் அவரைக் கைது செய்தது, கூட்டம் இன்னும் இறுகியது. அதே வண்டியில் அந்தத் தொகுதி எம்.பி. டேவிட் ஸ்டீல் இருந்தார், அப்போது வயது முப்பது. அவர் இறங்கிப் போய் இரு தரப்பிடமும் பேசினார். பாதிரியாரை விட்டால் ஜனங்கள் வழிவிடுவார்கள் என்று பேசி முடித்த பிறகுதான் ரயில் நகர்ந்தது. கார்லைல் போய்ச் சேரும்போது ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தாமதம்.

மூடிய கையோடு தண்டவாளத்தைப் பெயர்ப்பதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். இனி யாரும் கேட்டுக்கொண்டு வரக்கூடாது என்பதுதான் அதன் பொருள் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: பாதை ஏற்கெனவே இருந்த இடம்தானே? தண்டவாளத்தைத் திரும்பப் போட எதற்கு இத்தனை வருஷம்?

பதில்: நல்ல கேள்வி. பலரும் இதைக் கேட்கிறார்கள். தண்டவாளம் போடுவது சின்ன வேலை ஐயா. நான் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். பாதை போன நிலத்தைக் கைவிட்டதுதான் பெரிய பிழை. மூடிய பிறகு துண்டு துண்டாக விற்றார்கள். பாலங்களை இடித்தார்கள். சில இடங்களில் வீடுகள் எழும்பின. எடின்பரோவைச் சுற்றிப் போகும் பைபாஸ் சாலை பழைய பாதையைக் குறுக்கே வெட்டிவிட்டது, இப்போதைய ரயில் ஷெரிஃப்ஹால் அருகே புதுத் தடத்தில் அந்தச் சாலைக்கு அடியில் நுழைந்து வருகிறது. ஹார்டன்கிரீனில் சாலை ரவுண்டானாவுக்கு மேலே புதுப் பாலம் கட்ட வேண்டியிருந்தது. ஃபாலாஹில்லில் ரயிலுக்காக ஏ7 நெடுஞ்சாலையையே நகர்த்தினார்கள். நிலத்தை மட்டும் யாருக்கும் விற்காமல் வைத்திருந்தால் இந்தச் செலவில் பெரும் பகுதி வந்திருக்காது.

பார்டர்ஸ் எனப்படும் இந்த எல்லையோரப் பகுதிக்கு ரயில் வேண்டும் என்ற பிரசார இயக்கம் 1999இல் உருவானது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2006இல் சட்டம் போட்டது. தனியாரோடு கூட்டாகக் கட்டும் ஏற்பாடு இடையில் முறிந்தது, பிறகு பிரிட்டனின் ரயில் பாதைகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் ரயில் நிறுவனம் பொறுப்பேற்றது. 30 மைல் பாதை, ஏழு புது நிலையங்கள், 29.4 கோடி பவுண்டு என்று கணக்கு. 2015 செப்டம்பர் 6இல் ஜனங்களுக்குத் திறந்தார்கள். மூன்று நாள் கழித்து எலிசபெத் ராணி நீராவி எஞ்சின் இழுத்த ரயிலில் வந்து முறைப்படி திறந்துவைத்தார். விக்டோரியா ராணியைவிட அதிக காலம் அரியணையில் இருந்தவர் என்ற பெயர் அவருக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம், மேட்ஜ் எலியட்டின் பெயரை ஒரு டீசல் எஞ்சினுக்கு வைத்தது.

கேள்வி: அந்த ஏழு நிலையங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்.

பதில்: ஷாஃபேர், எஸ்க்பேங்க், நியூடன்கிரேஞ்ச், கோர்பிரிட்ஜ், ஸ்டோ, கலஷீல்ஸ், ட்வீட்பேங்க். முதல் நான்கும் மிட்லோதியன் பக்கம். ஷாஃபேர் புதிதாக வளரும் குடியிருப்புக்காக வைத்தது. எஸ்க்பேங்க் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கல்லூரி. நியூடன்கிரேஞ்சில் கட்டாயம் இறங்குங்கள். லேடி விக்டோரியா சுரங்கம் அங்கேதான் இருந்தது, 1981இல் மூடியதும் அதையே தேசியச் சுரங்க அருங்காட்சியகமாக மாற்றினார்கள். ரயில் யாருக்காக நிலக்கரி சுமந்தது என்று அங்கே நின்றால் தெரியும்.

எனக்குப் பிடித்தது ஸ்டோ. முதலில் போட்ட திட்டத்தில் அந்த ஊர் கிடையாது. கிராமத்தார் விடாமல் கேட்டுத்தான் நிலையம் வாங்கினார்கள். அந்தக் கால ஸ்டேஷன் கட்டடம் கல் சுவரோடு பிளாட்பாரத்தின் ஓரத்திலேயே நிற்கிறது. செப்பனிட்டு உணவகமாக்கியிருக்கிறார்கள்.

கலஷீல்ஸ் ஒரு காலத்தில் பெரிய நிலையம், செல்கர்க் கிளைப்பாதை பிரிந்த ஊர். இன்றைக்கு ஒரே ஒரு பிளாட்பாரம், எதிரே பஸ் நிலையம். ட்வீட்பேங்க் என்ற குடியிருப்பு 1969இல் கிடையவே கிடையாது, 1970களில் உருவானது. அடுத்த ஊரான மெல்ரோஸில் பழைய நிலையக் கட்டடம் அழகாக இருக்கிறது, தண்டவாளம் இருந்த இடத்தில்தான் கார்கள் ஓடுகின்றன. அதனால் ரயில் மெல்ரோஸுக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது.

கேள்வி: ஒற்றைத் தண்டவாளம் என்கிறார்கள். அது குறையா?

பதில்: குறைதான். யானை வாங்கியவர்கள் அங்குசத்துக்குப் பேரம் பேசியிருக்கிறார்கள். 30 மைலில் சுமார் ஒன்பதரை மைல்தான் இரட்டைப் பாதை. அரை மணிக்கு ஒரு ரயில் எதிரெதிரே வருகிறது, ஒன்று நாலு நிமிஷம் பிந்தினால் மற்றது காத்திருந்தே ஆகவேண்டும், அந்தத் தாமதம் அடுத்த வண்டிக்கும் ஒட்டிக்கொள்ளும். சாலைக்கு மேலே கட்டிய புதுப் பாலங்கள் பலவும் ஒற்றைப் பாதை அகலம்தான், நாளை இரட்டையாக்க நினைத்தால் அதையும் இடித்துக் கட்டவேண்டும். இதில் வருத்தம் என்னவென்றால், பாதையின் தெற்குக் கோடியில் யாரும் வரமாட்டார்கள் என்றுதான் கணித்திருந்தார்கள். திறந்ததும் ட்வீட்பேங்க், கலஷீல்ஸ், ஸ்டோ மூன்றிலும் கணிப்பைவிடப் பல மடங்கு கூட்டம். நகரத்துக்குப் பக்கத்து நிலையங்களில்தான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. முதல் வருஷத்தில் மொத்தம் 12 லட்சத்துக்கு மேல் பயணங்கள்.

கேள்வி: ஹாயிக் வரை நீட்டுவார்களா?

பதில்: நீட்டவேண்டும். மேட்ஜ் எலியட்டின் ஊருக்கே இன்னும் ரயில் இல்லை. கார்லைல் வரை போவதற்கான ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவதாக 2021இல் அரசுகள் ஒப்பந்தம் போட்டன, இயக்கத்தினர் விடாமல் குரல் கொடுக்கிறார்கள். ஸ்காட்லாந்திலேயே ஃபைஃப் பகுதியில் 1969இல் மூடிய லெவன் கிளைப்பாதை 2024 ஜூனில் திறந்தது, அதுவும் இரட்டைப் பாதையாக. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

கேள்வி: விடுமுறையில் போகப்போகிறோம். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நல்லது?

பதில்: எந்தப் பக்கமும் சரிதான். ஃபாலாஹில் தாண்டியதும் கலா வாட்டர் என்ற ஆறு கூடவே வரும், ரயில் அதைத் திரும்பத் திரும்பக் கடப்பதால் ஒரு முறை உங்கள் ஜன்னலில், ஒரு முறை எதிர் ஜன்னலில் தெரியும். ட்வீட்பேங்குக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து அபட்ஸ்ஃபோர்டுக்கு நடந்தே போகலாம், குழந்தைகள் இருந்தாலும் சிரமம் இல்லை. திரும்பும்போது ஸ்டோவில் இறங்கி ஒரு காபி சாப்பிட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பிடியுங்கள்.