மரத்தால் கட்டிய பழைய பாய்மரப் போர்க்கப்பல் எத்தனை வருடம் உழைக்கும்?

பாடசாலை ஒப்படைக்குத்தான் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. பத்து, இருபது வருடத்தில் உக்கிவிடும் என்று பலர் சொல்வார்கள். ஓக் மரக் கப்பல்கள் பலவற்றுக்கு அது சரி. ஆனால் எங்கள் திருகோணமலையின் பெயர் வைத்த கப்பல் ஒன்று இன்றும் இங்கிலாந்தில் மிதக்கிறது. அதனால் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

எச்.எம்.எஸ். டிரிங்கோமலி என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்தான் அது. ஜம்செட்ஜி போமன்ஜி வாடியா என்ற பார்சிக்காரர் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டி, 1817 அக்டோபரில் கடலில் இறக்கினார். 1819இல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது நெப்போலியன் சண்டை முடிந்திருந்தது. கப்பலை அப்படியே கட்டிப்போட்டார்கள். 1847இல்தான் வேலை கொடுத்தார்கள். 1850 வரை மேற்கிந்தியத் தீவுகள், வட அமெரிக்கா பக்கம், அப்புறம் 1852 முதல் 1857 வரை பசிபிக். போர்க்கப்பலாக ஓடியது அவ்வளவுதான். பிறகு பயிற்சிக் கப்பல். 1897இல் தனியாருக்கு விற்று, பெயரையும் ஃபூட்ராயண்ட் என்று மாற்றினார்கள். 1986 வரை பிள்ளைகள் அதில் பயிற்சி எடுத்தார்கள். பழைய பெயர் 1992இல்தான் திரும்பக் கிடைத்தது.

இத்தனை காலம் நின்றதற்குத் தேக்குதான் முதல் காரணம். ஓக் மரத்திலுள்ள அமிலம் இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப்பசை ஆணியையும் காக்கும், மரத்தையும் உக்கவிடாது. கப்பல் இப்போது நிற்கும் ஹார்ட்லிபூல் ஊருக்குப் போய், அதன் கீழ்த்தளத்தில் தலை முட்டாமல் குனிந்து நடந்து, விட்டத்தைத் தடவிப் பார்த்தேன். வாய்ச்சியால் செதுக்கிய தடம் விரலில் பட்டது. திருத்திய பிறகும் பெரும்பகுதி பழைய மரம்தான்.

வெள்ளைக்காரன் கப்பலுக்கு வக்காலத்தா என்று யாராவது வரலாம். அது யாருடைய சண்டைக்குப் போனது என்று எனக்கும் தெரியும். நான் பெருமைப்படுவது பம்பாய்த் தச்சர்களின் கைவேலையை.

மரம் மட்டும் போதாது என்பதையும் எழுதுங்கள். போர்ட்ஸ்மவுத்தில் இதன் பக்கத்தில் நின்ற இம்ப்ளாக்கபிள், பிரெஞ்சுக்காரர் கட்டி 1805இல் பிரிட்டிஷார் பிடித்த கப்பல். திருத்தச் செலவு அதிகம் என்று 1949 டிசம்பரில் வெடி வைத்துக் கடலில் தாழ்த்தினார்கள். டிரிங்கோமலிக்குப் பணம் போட ஆட்கள் இருந்தார்கள், அதற்கு இல்லை.