அசென்டன்சி: லக்னத்தோடு பிறந்த சொல்

கேள்வி: ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் 'அசென்டன்சி' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. அகராதியில் 'ஆதிக்கம்' என்று போட்டிருக்கிறது. ஆங்கில ஜாதகத்திலோ லக்னத்தை 'அசென்டன்ட்' என்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா? 'டாமினன்ஸ்' என்றே எழுதிவிட்டால் என்ன?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: நெருங்கிய தொடர்பு உண்டு. ஏறுதலைக் குறிக்கும் லத்தீன் வினைதான் இரண்டுக்கும் வேர். குழந்தை பிறக்கும் நேரத்தில் கீழ்வானில் உதயமாகிற ராசியே லக்னம். ஏறி வருவதால் ஐரோப்பிய ஜோதிடத்தில் அது அசென்டன்ட் ஆயிற்று. (சராசரியாக 2 மணி நேரத்துக்கு ஒரு லக்னம் மாறும், பிறந்த நேரத்தை ஜோதிடர்கள் கறாராகக் கேட்பது அதனால்தான்.) அந்த ராசி ஆளையே ஆட்டிவைக்கும் என்ற நம்பிக்கையால், 'மேலோங்கிய செல்வாக்கு' என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. ஒருவர் 'இன் தி அசென்டன்ட்' என்றால் இன்றைக்கும் அவர் செல்வாக்கு ஏறுமுகத்தில் இருக்கிறது என்றே அர்த்தம்.

டாமினன்ஸ் என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் நயம் போய்விடும். அசென்டன்சி என்றால் பெரும்பாலும் எதிரே ஒரு போட்டியாளர் இருப்பார். அகராதியின் 'ஆதிக்கம்' கொஞ்சம் கனமான சொல். 'கை ஓங்கியிருப்பது' என்பதே சரியாகப் பொருந்தும். டெஸ்ட் போட்டியின் மூன்றாம் நாள் மாலை, 200 ரன் முன்னிலையோடு 7 விக்கெட் கைவசம் இருக்கும் அணிக்கு இந்தச் சொல் கச்சிதம். ஐந்தாம் நாள் கோப்பையை வாங்கிய பிறகு அது வெற்றி, அசென்டன்சி அல்ல.

வரலாற்று நூல்களில் முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டு, 'புராட்டஸ்டன்ட்' என்ற அடைமொழியோடு வந்தால் விஷயமே வேறு. 18-ம் நூற்றாண்டு அயர்லாந்தில் நிலத்தையும் டப்ளின் நாடாளுமன்றத்தையும் கையில் வைத்திருந்த சிறுபான்மை ஆங்கிலிக்கன் மேல்தட்டின் பெயர் அது. பெரும்பான்மைக் கத்தோலிக்கர்கள் லண்டன் நாடாளுமன்றத்தில் உட்காரவே 1829-ம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

எழுதும்போது நம்மவர்கள் சறுக்கும் இடம் முன்னிடைச்சொல். தமிழில் 'ஒருவர் மீது' என்று சொல்லிப் பழகியதால் 'ஆன்' போட்டுவிடுகிறோம். 'ஓவர்' என்பதே சரி: 'கெயின் அசென்டன்சி ஓவர் எ ரைவல்'. கெயின், ஹேவ், லூஸ் ஆகிய வினைகள் இதனோடு இயல்பாகச் சேரும். 'அசென்ட்' என்ற வினைக்கு ஏறுவது என்றுதான் பொருள்; ஒருவரை அடக்கி ஆள்வதற்கு அதைப் போடாதீர்கள். கடைசிக்கு முந்தைய அசையை 'ஏ' எழுத்திலும் எழுதலாம், 'ஈ' எழுத்திலும் எழுதலாம். முதலாவதே அதிகம் புழங்குகிறது. உச்சரிப்பில் அழுத்தம் 'சென்' மேல். 'எஸ்', 'சி' சேர்ந்து வருவதைப் பார்த்து 'அஸ்கென்டன்சி' என்று வாசித்துவிடாதீர்கள்.