கை வீங்குகிறது, ரத்தக்குழாய் அடைத்துவிட்டதா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் புற்றுநோய்க்காக வலது மார்பையும் அக்குளில் இருந்த நெறிகட்டிகளையும் எடுத்தார்கள். இரண்டு மாதமாக அந்தக் கை கனக்கிறது, மோதிரம் ஏறவில்லை. "ரத்த ஓட்டம் நின்றுவிட்டது, மசாஜ் மெஷின் போட்டால் சரியாகும்" என்று ஒருவர் விற்க வந்து நிற்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அவரை அனுப்பிவிட்டு, அம்மாவின் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக விரலை வைத்துப் பாருங்கள். நாடி துடிக்கிறதல்லவா? அக்குள் வழியாக இறங்கும் தமனி முழங்கை மடிப்பருகே இரண்டாகப் பிரிகிறது. அதில் ஒரு கிளைதான் அங்கே துடிப்பது. ரத்தம் கைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

தங்கியிருப்பது நிணநீர். ரத்தக்குழாயிலிருந்து கசிந்து, சிரைக்குள் திரும்பாமல் மிஞ்சுகிற நீரையும் புரதத்தையும் நூல்போன்ற நாளங்கள் சேர்த்து மேலே கொண்டுபோகின்றன. அவற்றில் பெரும்பாலானவை அக்குளில் இருக்கும் இருபது முப்பது முடிச்சுகளைக் கடந்து, கழுத்தின் அடியில் சிரையோடு சேரும். அந்த முடிச்சுகளைத்தான் எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தையல், மாத்திரை, அடுத்த தேதி எல்லாம் சொன்னவர்கள் இதை ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார்கள். எத்தனை பேர் கை இரண்டு மடங்கான பிறகு என் முன் உட்கார்ந்து "எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே" என்றிருக்கிறார்கள்!

ஆள்காட்டி விரலின் அடியில், மேல்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மற்றக் கையில் எழும்பும் தோல் இந்தக் கையில் எழும்பாவிட்டால் நிணநீர் வீக்கம் என்று கிட்டத்தட்ட முடிவே செய்யலாம். எழும்பினாலும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள், ஆரம்ப நிலையாக இருக்கலாம். அறுவை செய்த டாக்டரிடம் முதலில் காட்டுங்கள். புதிதாக வந்த வீக்கம் என்பதால் அக்குளில் நோய் திரும்பவில்லை என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த மெஷின். காற்றடைத்து அழுத்தும் கருவி தெரிந்தவர் கையில் துணைக்கு உதவும். வீட்டில் தனியாகப் போட்டால் தண்ணீர் மட்டும் தோளுக்கும் மார்புக்கும் தள்ளப்பட்டு அங்கே தேங்கலாம். புரதம் கையிலேயே கிடந்து திரும்ப நீரை இழுக்கும். நீர் மாத்திரையும் இதே கதைதான். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பவர்கள் இன்னும் மோசம். இந்த நாளங்கள் தொடங்குவது தோலுக்குச் சற்றுக் கீழேதான். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் குழந்தையின் கன்னத்தைத் தடவுகிற அழுத்தத்தில், முதலில் கழுத்திலும் மார்பிலும் வழிவிட்டு, பிறகே கைக்கு வருவார். எடுத்த எடுப்பில் கையைப் பிசைபவரிடம் போகாதீர்கள்.

கையை இறுக்கிப் பிடிக்கும் உறையான கம்ப்ரஷன் ஸ்லீவையும் அளவெடுக்காமல் வாங்காதீர்கள். கட்டுப்போட்டு வீக்கம் குறைந்த பிறகு எடுத்த அளவுதான் அளவு. மணிக்கட்டில் இறுக்கி, உள்ளங்கை உப்பினால் அது தவறான ஸ்லீவ்.

ரத்தக்குழாயே குற்றவாளியாவது ஒரு சமயத்தில்தான். இரவு நன்றாக இருந்த கை காலையில் உப்பி, நீலம் பாய்ந்து, வலித்து, தோளிலும் மார்பிலும் நரம்பு புடைத்துத் தெரிந்தால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். கீமோ மருந்து ஏற்றப் போர்ட் (தோலுக்கடியில் வைத்து, குழாயால் சிரையோடு இணைக்கும் சிறு கருவி) வைத்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் இன்னும் வலுவாக வர வேண்டும். மாதக்கணக்கில் ஏறிய வீக்கம் வேறு, மணிக்கணக்கில் ஏறியது வேறு. இரண்டாவது என்றால் தடவக்கூடாது, அழுத்தக்கூடாது, ஸ்லீவும் போடக்கூடாது. உறைந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். அன்றைக்கே ஸ்கேன். கை சிவந்து காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே டாக்டர், அது கிருமித்தொற்றாக இருக்கலாம்.

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள்: உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழும் மேலும் 10 சென்டிமீட்டர் தள்ளி, இரண்டு கையையும் டேப்பால் அளந்து, தேதி போட்டு எழுதுங்கள். ஓரிடத்தில் 2 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் அந்தத் தாளை டாக்டர் மேஜையில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.