வானிலிருந்து குதிக்கும்போது கண்ணாடியா, கான்டாக்ட் லென்ஸா?

கேள்வி: எனக்கு வயது 43. இரண்டு கண்ணிலும் மைனஸ் 4.5 பவர், கொஞ்சம் சிலிண்டரும் (சிதறல் பார்வைக்கான பவர்) உண்டு. சென்ற ஆண்டு பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, டாண்டம் முறையில் ஒருமுறை ஸ்கைடைவிங் செய்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனதால் எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. இப்போது தனியாகக் குதிக்கும் பயிற்சியில் சேரப் போகிறேன். கண்ணாடிக்கு மேல் காகிள்ஸ் மாட்டிக்கொள்வதா, கான்டாக்ட் லென்ஸ் போடுவதா, பவர் வைத்த காகிள்ஸ் செய்துகொள்வதா? அந்தக் காற்றில் லென்ஸ் பறந்துவிடாதா? பேசாமல் லேசர் சிகிச்சையே செய்துகொள்ளலாமா?

பதில்: உங்களுக்கு என் முதல் தேர்வு, ஒரு நாள் போட்டுவிட்டுத் தூக்கிப்போடும் மென்மையான கான்டாக்ட் லென்ஸ், அதற்கு மேல், முகத்தோடு ஒட்டி உட்காரும் பவர் இல்லாத காகிள்ஸ். ஆனால் உங்கள் வயதில் இதற்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கேள்வியைக் கேட்கிற எல்லோருக்குமே காற்றைப் பற்றித்தான் பயம். வயிறு கீழே பார்க்க விழும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 190 முதல் 200 கிலோமீட்டர் வரை போகும், பயம் நியாயம்தான். ஆனால் நான்கு கிலோமீட்டர் உயரத்தில் குதித்தாலும் அந்த வேகத்தில் விழுவது ஒரு நிமிடம்தான். பாராசூட் விரிந்த பிறகு ஐந்தாறு நிமிடம் நீங்களே அதை ஓட்டியாக வேண்டும். இறங்கும் இடம், பக்கத்தில் வரும் மற்றப் பாராசூட்டுகள், காற்றின் திசை காட்டும் துணிப்பை எல்லாம் தெரிய வேண்டும். கடைசியில், தரைக்கு மூன்று நான்கு மீட்டர் மேலே இருக்கும்போது இரண்டு பிரேக் கயிறுகளையும் சேர்த்து இழுத்து வேகத்தைக் கொல்ல வேண்டும். சீக்கிரம் இழுத்தால் பாராசூட் வேகம் இழந்து உங்களைத் தொப்பென்று போடும்; தாமதித்தால் முழு வேகத்தில் தரையில் மோதுவீர்கள். அந்த உயரத்தை அளந்து சொல்ல உங்கள் இரண்டு கண்களைத் தவிர வேறு கருவி கிடையாது. டாண்டமில் இதையெல்லாம் பயிற்றுநரின் கண்கள் பார்த்துக்கொண்டன. அதனால்தான் அன்று மங்கலாகத் தெரிந்தும் ஆபத்து இல்லாமல் போனது. இனி தேர்வு செய்யும்போது, "இதைப் போட்டுக்கொண்டால் மணிக்கட்டில் உள்ள, உயரம் காட்டும் ஆல்டிமீட்டரும் தரையும் தெளிவாகத் தெரியுமா?" என்பதையே முதலில் கேளுங்கள்.

சரி, லென்ஸ் பறக்குமா? மென்மையான லென்ஸ் கருவிழியைவிடக் கொஞ்சம் பெரியது, ஓரம் வெள்ளைவிழி மேல் படிந்திருக்கும். காகிள்ஸ் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் அது பறப்பது மிக அரிது. தொந்தரவு வருவது இடுக்கு வழியாக. விழும்போது காற்று கீழிருந்து வருகிறது. மூக்கின் இருபுறமும் கன்னத்திலும் சின்ன இடைவெளி இருந்தால் காற்று நேரே அதற்குள் புகுந்து லென்ஸை உலர்த்திவிடும். உலர்ந்த லென்ஸ் சுருண்டு நகரும், பார்வை மங்கும். அப்போது பலமாகக் கண் சிமிட்டினால் பெரும்பாலும் தானே சரியாகும். கையுறை போட்ட விரலைக் காகிள்ஸுக்குள் விடவே கூடாது. காகிள்ஸ் வாங்கும்போது பட்டையை இறுக்குவதற்கு முன், சும்மா முகத்தில் வைத்துக் கன்னத்தை விரலால் தடவிப் பாருங்கள். இடைவெளி தட்டுப்பட்டால் அது உங்கள் முகத்துக்கான காகிள்ஸ் இல்லை. பட்டையை இழுத்துக் கட்டி அதைச் சரிசெய்ய முடியாது. தலைமுடி ஒரு கற்றை ஓரத்தில் மாட்டினாலும் காற்று புகும்.

கெட்டியான சின்ன லென்ஸ்களை இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். எளிதில் நகரும், அடியில் தூசி புகுந்தால் கண்ணைத் திறக்கவே முடியாது. சிலிண்டர் இருப்பதால் உங்களுக்கு அதையும் சரிசெய்யும் டோரிக் வகை மென் லென்ஸ் தேவைப்படலாம். அது கண்ணில் ஒரு குறிப்பிட்ட நிலையில் நிற்க வேண்டும். சுழன்றால் பார்வை மங்கிவிடும். ஆகவே பொருத்திப் பார்க்கும்போது நேராகப் பார்த்துப் படிப்பதோடு நிறுத்தாமல், தலையை அண்ணாந்தும் குனிந்தும் வேகமாகத் திருப்பியும் பாருங்கள். பழைய கண்ணாடிச் சீட்டை வைத்து லென்ஸ் வாங்கவும் வேண்டாம். கண்ணாடி கண்ணிலிருந்து தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண்மேலேயே உட்காருகிறது. அதனால் 4.5 கண்ணாடிக்கு லென்ஸில் ஏறத்தாழ 4.25 போதும்.

இப்போது அந்தச் சிக்கல். 43 வயது என்றால் வெள்ளெழுத்து வாசலில் நிற்கிறது. கிட்டப்பார்வைக்காரர்களுக்குக் கண்ணாடியிலிருந்து கான்டாக்ட் லென்ஸுக்கு மாறும்போது, கிட்டத்தில் பார்க்கக் கண் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். கண்ணாடியில் மொபைலைச் சிரமமில்லாமல் படிக்கிற ஒருவர் லென்ஸ் போட்டவுடன் கையை நீட்டிப் பிடிப்பதைப் பரிசோதனை அறையில் நான் வழக்கமாகப் பார்க்கிறேன். மணிக்கட்டில் உள்ள ஆல்டிமீட்டரும் அதே தூரத்தில்தான் இருக்கிறது, விழும்போது அதை உற்றுப் பார்க்க நேரமும் இல்லை. லென்ஸ் போட்டுக்கொண்டு, பயிற்சி மையத்தில் தரும் ஆல்டிமீட்டரைக் கையில் கட்டி, ஒரே பார்வையில் உயரத்தைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். தடுமாறினால் பெரிய வட்ட முகப்பில் முள் ஓடுகிற வகையைக் கேளுங்கள். எண் மங்கினாலும் முள் எங்கே நிற்கிறது என்பது தெரியும். ஹெல்மெட்டுக்குள் வைக்கும், உயரம் வந்ததும் ஒலி எழுப்பும் கருவி நல்ல துணை. ஆனால் கண்ணால் பார்ப்பதற்கு அது மாற்று ஆகாது.

இதற்குத் தீர்வாக ஒரு கண்ணுக்குத் தூரத்தில் பார்க்க, மறு கண்ணுக்குக் கிட்டத்தில் பார்க்க என்று லென்ஸ் போடும் முறையை யாராவது சொல்வார்கள். அலுவலக வேலைக்கு அது நன்றாகவே இருக்கும். உங்களுக்கு வேண்டாம். ஆழத்தைக் கணிக்க இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். தரை நெருங்கும் அந்தச் சில நொடிகளில் அதைத்தான் இழப்பீர்கள். பைஃபோகல், புரோகிரசிவ் கண்ணாடிகளிலும் இதே வகைக் கோளாறு உண்டு. அவற்றின் கீழ்ப்பாதி படிப்பதற்கானது. பாராசூட்டில் தொங்கிக்கொண்டு கீழே பார்க்கும்போது தரையை அந்தப் பாதி வழியாகத்தான் பார்ப்பீர்கள், உயரக் கணக்கு தப்பும்.

லென்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தூரத்தில் பார்க்க மட்டுமான கண்ணாடியும், அதன்மேல் மாட்டும் அகலமான காகிள்ஸும் தகுந்த இரண்டாவது வழி. எத்தனையோ பேர் அப்படித்தான் குதிக்கிறார்கள். ஃபிரேம் சிறியதாக, மெல்லிய வளையும் கைகளோடு இருக்கட்டும். தடித்த கை, காகிள்ஸின் ஓரத்தைத் தூக்கிக் காற்றுக்கு வழி விடும், ஹெல்மெட்டுக்குள் பொட்டில் அழுத்தும். கண்ணாடிச் சில்லு, எளிதில் உடையாத பிளாஸ்டிக் வகைகளான பாலிகார்பனேட்டோ டிரைவெக்ஸோ ஆக இருக்க வேண்டும், அசல் கண்ணாடி கூடவே கூடாது. தலைக்குப் பின்னால் கட்டும் பட்டையும் போடுங்கள். பாராசூட் விரியும் உதறலில்தான் கண்ணாடி நகரும்.

இந்த வழியின் பெரிய எதிரி ஆவி படிவது. நான்கு கிலோமீட்டர் உயரத்தில் தரையைவிட 25 டிகிரி அளவுக்குக் குளிர் கூடும். விமானத்துக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து, வியர்வையும் மூச்சுமாக, காகிள்ஸை முன்பே மாட்டிக்கொண்டால் கண்ணாடி, காகிள்ஸ் இரண்டிலும் படியும். நெற்றிமேல் ஏற்றி வைத்தாலும் வியர்வை ஏறும். கழுத்தில் தொங்கவிட்டு, பயிற்றுநர் சொல்லும்போது மாட்டுவது நல்லது. காற்றுத் துளைகள் உள்ள காகிள்ஸ் எடுங்கள். ஆவி தடுக்கும் திரவத்தைக் கண்ணாடியில் பூசுவதற்கு முன், அதன் மேற்பூச்சைக் கெடுக்காதா என்று கண்ணாடிக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பவர் வைத்த காகிள்ஸ் நல்ல பொருள்தான், ஆனால் அவசரப்பட வேண்டாம். முகத்தைச் சுற்றி வளைந்த லென்ஸில் உங்கள் பவரை வைத்தால் ஓரங்களில் காட்சி வளைந்து தெரியும், பழகச் சில நாள் ஆகும். பயிற்சியைத் தொடரப் போவது உறுதியான பிறகு பார்க்கலாம். எதை எடுத்தாலும் நிறமில்லாததாக எடுங்கள். கூசும் ஒளியைக் குறைக்கும் போலரைஸ்டு வகை வேண்டவே வேண்டாம். அதன் வழியாகச் சில டிஜிட்டல் ஆல்டிமீட்டர் திரைகள் கறுத்துப்போகும்.

எதைத் தேர்ந்தாலும் முதல் குதிப்புக்கு முன் செங்குத்துக் காற்றுக் குழாயில் சோதித்துவிடுங்கள். உள்ளரங்கில் கீழிருந்து காற்றடித்து மிதக்கவைக்கும் அந்தக் குழாயில் வேகம் ஏறக்குறைய இதேதான், தரையோ கைக்கு எட்டும் தூரத்தில். லென்ஸ் உலர்கிறதா, ஃபிரேம் நகர்கிறதா, ஓரத்தில் காற்று சீறுகிறதா என்பதெல்லாம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கடைசியாக லேசர். இந்த ஒரு காரணத்துக்காக நான் செய்யச் சொல்ல மாட்டேன். லாசிக் என்ற லேசர் முறையில் கருவிழியில் ஒரு மெல்லிய மடல் வெட்டித் திறந்து மூடுகிறார்கள். பலத்த அடி பட்டால் அந்த மடல் பிற்பாடும் நகரக்கூடும். பிஆர்கே என்ற மற்றொரு லேசர் முறையில் மடல் இல்லை, ஆனால் ஆற நாளாகும். இரண்டிலும் கண் உலர்வு சில மாதம் இருக்கலாம். தவிர, தூரத்தில் தெரிவதை முழுதாகச் சரிசெய்தால் உங்கள் வயதில் வெள்ளெழுத்து உடனே தலைகாட்டும், ஆல்டிமீட்டர் பிரச்சினை அப்படியே நிற்கும். வேறு காரணங்களுக்காகச் செய்துகொண்டால், எப்போது குதிக்கலாம் என்பதை அறுவை செய்த மருத்துவரே சொல்ல வேண்டும்.

அதைவிட அவசரமானது விழித்திரைப் பரிசோதனை. உங்கள் அளவு கிட்டப்பார்வையிலேயே விழித்திரை மெலிந்து கிழியும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அன்று குதிக்க வேண்டாம், பார்வை கூசும். கண்ணுக்குள் மின்னல் போல வெளிச்சம், திடீரென்று கூடும் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை இறங்குவது போன்ற நிழல், இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயுக்குமிழ் வைத்திருப்பவர்கள் அது முழுதாகக் கரையும்வரை விமானம் ஏறவே கூடாது. நான்கு கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். குமிழ் விரிந்து பார்வையையே பறித்துவிடும்.

பயிற்சியின் முதல் நாளே உங்கள் பவரையும், கண்ணில் லென்ஸ் இருப்பதையும் பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள். லென்ஸ் நழுவினால் ரேடியோவில் யார் எப்படி வழிகாட்டுவார்கள் என்பதையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குதிக்கும் உடையில் ஜிப் வைத்த பை இருந்தால், கெட்டியான உறையில் பழைய கண்ணாடியும் கூட வரட்டும். அதை எடுத்து மாட்டுவது தரையில் இறங்கிய பிறகுதான்.